இருட்டியதும் படம் போகும் வாசல் கேமரா

பகலில் தெளிவாக ஓடும் கேமரா, இருட்டியதும் ‘வீடியோ லாஸ்’ காட்டினால் உடனே புதிது வாங்காதீர்கள். இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது மின்னோட்டம் கூடும். நீளமான மெல்லிய கம்பியில் வோல்டேஜ் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) முனையில் 12 வோல்ட். 30 மீட்டர் தள்ளி, ஐஆர் எரிய கேமரா ஓடும்போதே அளந்தால் 9.8தான். (லென்ஸ் பக்கத்து ஒளி சென்சாரை மூடினால் ஐஆர் எரியும், பகலிலேயே சோதிக்கலாம்.) வீடியோவும் மின்சாரமும் சேர்ந்து போகும் 3+1 கேபிளுக்குள் இருந்தது செம்பு பூசிய அலுமினியம்; செம்பைவிட அதில் வோல்டேஜ் அதிகம் இறங்கும். வீடியோவுக்கு அதையே விட்டு, மின்சாரத்துக்கு மட்டும் 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் இரண்டு இழுத்தேன்: 11.5 வோல்ட் வந்தது, இருட்டிலும் படம் போகவில்லை. டிசி பின்னில் பிளஸ், மைனஸ் மாறினால் கேமராவே போய்விடலாம். மாட்டுமுன் மீட்டரில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன், கிட்டத்தில் உள்ள கேமராக்களுக்கும் அது ஏறும்.