சிங்கப்பூரில் பிள்ளைக்கு டபுள் டிகிரி தேடுகிறீர்களா?

ஊரில் இரண்டு பட்டம் என்றால் பெரும்பாலும் ஒன்று கல்லூரியில், இன்னொன்று அஞ்சல் வழியில். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு படிப்புக்கு அனுமதி கொடுத்தபின் அது இன்னும் சுலபமாகிவிட்டது. இங்கே விஷயம் வேறு. டபுள் டிகிரி என்பது பெரும்பாலும் ஒரே பல்கலைக்கழகம் நடத்தும் ஒரே படிப்புத் திட்டம். சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்தே கணக்காகும். முடிவில் இரண்டு பட்டச் சான்றிதழ்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 யூனிட், அதாவது பாடச்சுமையை அளக்கும் புள்ளி. டபுள் டிகிரிக்குக் குறைந்தது 200. அதனால் பொதுவாக ஐந்து வருடம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் ‘செகண்ட் மேஜர்’ என்று ஒன்று இருக்கிறது. பட்டம் ஒன்றுதான், ஆனால் இரண்டு துறையை ஆழமாகப் படிக்கலாம், நான்கு வருடத்துக்குள்ளேயே முடிக்கலாம். புதிதாக வருகிற பெற்றோர் பலர் இதைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். கணினியோடு கணிதம் வேண்டும், பொருளியலோடு புள்ளியியல் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவது சான்றிதழ் புதிதாக எந்தக் கதவையும் திறக்காது.

சட்டம் அப்படியல்ல. வழக்கறிஞராக வேண்டுமென்றால் சட்டப் பட்டமே வேண்டும். நாலு சட்டப் பாடம் படித்தேன் என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்க முடியாது. கணக்கியலும் கிட்டத்தட்ட அப்படித்தான். இப்படித் தனித் தொழிலுக்கு வாசலாக இருக்கும் பட்டத்தை இன்னொன்றோடு சேர்த்துப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி கல்யாண பயோடேட்டாவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பட்டம் இருந்தால் வேலை அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வெளிநாட்டவருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து ‘காம்பஸ்’ என்ற புள்ளி முறை இருக்கிறது. தேற 40 புள்ளி வேண்டும். படிப்புக்கான பகுதியில் முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் 20, மற்ற பட்டத்துக்கு 10. பட்டங்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் அந்த முன்னணிப் பட்டியலில் இருப்பதால், ஒரே பட்டத்துக்கே முழு 20 வந்துவிடும்.

அப்புறம் வயது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான பையனுக்கு இரண்டு வருடத் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற கட்டாயச் சீருடைப் பணி, உண்டு. அதை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் நுழையும்போது 20, 21 ஆகியிருக்கும். ஐந்து வருடப் படிப்பென்றால் முதல் சம்பளம் வாங்க 25, 26 ஆகிவிடும். அரசின் கல்விக் கட்டண மானியம் வாங்கும் வெளிநாட்டு மாணவர் படித்து முடித்தபின் மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். படிப்பு ஒரு வருடம் நீண்டால் அந்தக் கடமை முடியும் காலமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். மானியம் எத்தனை பருவத்துக்கு, கட்டணம் எந்தத் துறையின் விகிதத்தில் என்பதைச் சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பெண்ணையும் யோசிக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தில் 5க்கு 4.50 எடுத்தால்தான் உயர்ந்த ஹானர்ஸ். பாடச்சுமை கூடினால் அது கைநழுவலாம். விடுமுறை இன்டர்ன்ஷிப்பும், வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே போகலாம். தயக்கம் இருந்தால் ஒற்றைப் பட்டத்தில் சேரட்டும். முதல் வருடம் நன்றாகப் போனால் இரண்டாவது பட்டத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

சம்பள விவரத்துக்கு யாரையும் நச்சரிக்க வேண்டியதில்லை. பட்டதாரிகள் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு வருடாவருடம் படிப்புவாரியாக வெளியாகிறது. கல்வி அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். சில டபுள் டிகிரிகளுக்கு அதில் தனி வரிசையே உண்டு. அதே துறையின் ஒற்றைப் பட்ட வரிசையோடு ஒப்பிட்டு, ஐந்தாம் வருடக் கட்டணத்தையும் அந்த வருடம் வராமல் போகும் சம்பளத்தையும் கழித்துப் பாருங்கள்.