மலையகத்துக்கு வண்டி எடுக்கும் முன் மேப்ஸில் செய்து வைக்க வேண்டியவை

ஏப்ரல் விடுமுறை வந்தால் போதும், கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உறவுக்காரர்கள் போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "மேப் காட்டுற வழியிலேயே வந்துடலாம்தானே?" வரலாம். ஆனால் சமதரையில் பழகிய பழக்கத்தில் அப்படியே ஏறி வந்தால், தேயிலைக்கு நடுவே ஒரு கொங்கிரீட் பாதையில் திருப்ப இடமில்லாமல் வேனை ரிவர்ஸிலேயே இறக்க வேண்டி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இதை எழுதி வைக்கிறேன். கூகுள் மேப்ஸ் போனில் இருக்கிறது, ஊர்ப் பெயர் போட்டுத் தேடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வரைபடத்தை வீட்டிலேயே இறக்குங்கள்

மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் ஆஃப்லைன் மேப்ஸ் இருக்கும். அதில் வேண்டிய பகுதியைத் தெரிவு செய்ய ஒரு கட்டம் வரும். மேற்கே அவிசாவளை, வடக்கே கண்டி, கிழக்கே பசறை, தெற்கே வெல்லவாய அடங்கும்படி விரித்து இறக்கிவிடுங்கள். நுவரெலியா மட்டும் போதும் என்று சிறிதாக வெட்டாதீர்கள். சிக்னல் போவது ஊருக்குள் அல்ல, ஊருக்கு வரும் வழியில்.

இறக்கிய வரைபடம் வண்டிப் பாதையை மட்டும்தான் சொல்லும். நடந்து போகும் வழி, டிராபிக் நிலவரம், சாட்டிலைட் படம் எல்லாம் டேட்டா இருந்தால்தான். ஆனால் நீலப் புள்ளிக்கு டேட்டா வேண்டாம், அது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வருவது. இடத்தைப் பிடிக்க முதலில் சற்றுத் தாமதிக்கலாம், அவ்வளவுதான். சிக்னல் போனதும் பயந்து போனை அணைத்துவிட வேண்டியதில்லை.

படி 2: பார்க்கும் இடத்தில் அல்ல, வண்டி நிற்கும் இடத்தில் பின் குத்துங்கள்

மலையில் ஓர் இடத்தைப் பார்ப்பதும் அந்த இடத்துக்குப் போவதும் வேறு வேறு. சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பெயர் போட்டுத் தேடினால் பின் என்ற இடக்குறி நீர்வீழ்ச்சியின் மேலேயே விழும். நீங்கள் அதைப் பார்க்கப் போவதோ பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், ஹட்டன் – தலவாக்கலை ரோட்டோரத்தில் நின்றுகொண்டு. டெவோன் நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். சிவனொளிபாதமலைக்கு உச்சியைக் குறிவைத்து வழி கேட்காதீர்கள். மலைக்கு ஹட்டன் பக்கமிருந்தும் ஏறலாம், இரத்தினபுரிப் பக்கமிருந்தும் ஏறலாம். எந்தப் பக்கம் என்று நீங்கள் முடிவெடுக்காவிட்டால் மேப் முடிவெடுத்துவிடும். ஹட்டன் வழி என்றால் நல்லதண்ணி என்று போடுங்கள்.

தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதான் இன்னும் சிக்கல். தோட்டத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஃபேக்டரியிலோ, சுற்றுலாவுக்கு விட்ட பங்களாவிலோ கொண்டுபோய் நிறுத்தும். மேல் பிரிவு, கீழ் பிரிவு என்று லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு மலைக்கு அப்பால் இருக்கலாம். கதவிலக்கமோ தெருப் பெயரோ இல்லாமல், கடிதம்கூட தோட்ட ஆபீஸுக்கு வந்து அங்கிருந்து கை மாறிப் போகும் லயங்கள் இன்னும் இருக்கின்றன. விலாசம் கேட்பதில் பயனில்லை.

அதற்கு பிளஸ் கோட் நல்லது. வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணும் கலந்து, நடுவில் கூட்டல் குறியோடு ஒரு குறியீடு தெரியும். ஏறத்தாழ 14 மீட்டர் சதுரத்தை அது குறிக்கும். ஒரு லயத்தின் எந்த முனை என்று சொல்ல அது போதும். சுருக்கக் குறியீடாக இருந்தால் பக்கத்து ஊர்ப் பெயரையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: வீட்டு வாசலில் அல்ல, வண்டி கடைசியாக நிற்கக்கூடிய இடத்தில் எடுத்த குறியீடாக இருக்க வேண்டும். கோயில் முற்றம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பாடசாலைக் கேட், எதுவானாலும் சரி.

படி 3: பாதையை மெயின் ரோட்டோடு கட்டிப்போடுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று பேராதனை வரை போய் அங்கிருந்து ஏ5 பாதையில் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை. மற்றது அவிசாவளையிலிருந்து ஏ7 பாதையில் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. இந்த இரண்டில் ஒன்றில்தான் நீங்கள் இருக்க வேண்டும். ஆனால் சில நிமிடம் மிச்சம் என்று கணக்குப் பார்த்து, மேப் நடுவில் உங்களைத் தோட்ட ரோட்டில் இறக்கிவிடும். அந்த ரோட்டில் ஆட்டோ போகும், டிராக்டர் போகும். பத்துப் பேர் ஏறிய வேன் போகுமா என்பது அதற்குத் தெரியாது.

தடுக்க வழி, இடையில் நிறுத்தங்கள் சேர்ப்பது. வழியைக் காட்டும் திரையில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் நிறுத்தம் சேர்க்கும் வசதி வரும். ஏ7 என்றால் கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று மூன்று போதும்.

இதைச் செய்துவிட்டுத்தான் பலர், "அப்பவும் எங்கேயோ சந்துக்குள்ள போகச் சொல்லுதே" என்பார்கள். காரணம் இதுதான். ஊர்ப் பெயரைப் போட்டால் மேப் அந்த ஊரின் நடு என்று தான் நினைக்கும் புள்ளியை எடுத்துக்கொள்ளும். அது பஸ் நிலையத்தின் உள்ளேயோ, மேட்டில் ஒரு குறுக்குத் தெருவிலோ இருக்கலாம். அதைவிட மோசம் கொண்டை ஊசி வளைவுகள். இறம்பொடைப் பக்கம் ரோடு ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்து ஏறுகிறது. உங்கள் பின் ரோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும், வழி போடும்போது மேப் உயரத்தைப் பார்க்காது. மேலிருந்து பார்த்தால் கிட்டத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதில் கொண்டுபோய் ஒட்டும். அது கீழ் வளைவாக இருக்கலாம், தோட்ட ரோடாக இருக்கலாம்.

ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிடுங்கள். நன்றாகப் பெரிதாக்கி, ரோட்டு எண் எழுதியிருக்கும் தடித்த கோட்டின் மேலேயே விரலை அழுத்திப் பின் குத்தி, அதை நிறுத்தமாகச் சேருங்கள். வளைவில் குத்தாதீர்கள், நேரான துண்டில் குத்துங்கள். பிறகு தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீலக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். எண் இல்லாத மெல்லிய கோட்டில் எங்காவது நுழைந்தால் அதற்கு முன்னால் இன்னொரு பின். கம்ப்யூட்டரில் கோட்டைப் பிடித்து இழுக்கவும் முடியும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இழுத்த வளைவு போனுக்கு அப்படியே வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். எனக்கு நிறுத்தங்கள்தான் பிடிக்கும்.

இதையெல்லாம் டேட்டா இருக்கும்போதே முடித்து வழிகாட்டலைத் தொடங்கிவிடுங்கள். தொடங்கிய பாதை சிக்னல் போனாலும் நிற்காது. ஓடும்போது வேகமான பாதை இருக்கிறது என்று ஒரு பெட்டி எழும்பினால், பக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்று தொட வேண்டும். பேசாமல் விட்டால் சில வேளை தானாகவே மாறிவிடும்.

தோட்ட ரோடுதான் ஒரே ரோடு என்ற இடங்களும் உண்டு. ஹப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்குப் போக தம்பேதன்ன ஃபேக்டரியைத் தாண்டி ஒடுங்கிய தோட்டப் பாதையில்தான் ஏற வேண்டும். அங்கே மேப்போடு சண்டை பிடித்துப் பயனில்லை. சந்தேகம் வந்தால் முச்சந்தியில் நிற்கும் ஆட்டோ அண்ணனிடம் "வழி எது?" என்று கேட்காதீர்கள், "இந்த வேன் போகுமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் தன் ஆட்டோ போகும் வழியைச் சொல்வார்.

படி 4: நேரம்

மேப் சொல்லும் நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இது என் சொந்தக் கணக்கு. முன்னால் போகும் பஸ், வாந்தி எடுக்கும் பிள்ளை, லபுக்கலையில் தேநீர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஹோர்டன் சமவெளி போகிறவர்கள் நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக விடியுமுன்பே புறப்படுங்கள். காலை ஏற ஏற அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் மூட்டம் சூழ்ந்துவிடும்.

படி 5: நடக்கிறவர்களுக்கு

நடைக்கு நான் கூகுளைத் திறப்பதே இல்லை. ஆர்கானிக் மேப்ஸ் என்று ஒரு செயலி, இலவசம், விளம்பரம் இல்லை. இலங்கை வரைபடத்தை ஒருமுறை இறக்கினால் டேட்டாவே இல்லாமல் நடைபாதைக்கும் வழி சொல்லும். 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் வரைந்த தரவு அது. தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதைகள் அதில் கூடுதலாகக் கிடைக்கும். உயரக் கோடுகளும் காட்டும், நடைவழி போட்டால் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று ஒரு படமும் வரும். ஓஸ்மாண்ட் என்ற செயலி இன்னும் நிறையச் செய்யும், ஆனால் அதன் மெனுவுக்குள் வழி தேடவே இன்னொரு மேப் வேண்டும். புதியவர்களுக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் அடிக்கடி வருவது வாட்ஸ்அப் லொக்கேஷன். "அனுப்பின இடத்துக்குப் போனா அங்க வீடே இல்ல." அனுப்பும் திரையில் எத்தனை மீட்டருக்குத் துல்லியம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு அனுப்பினால் அந்த எண் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். வெளியே வெட்டவெளிக்கு வந்து, எண் இருபதுக்குக் கீழே இறங்கும் வரை பொறுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மழைக்காலம் பற்றியும் கேட்டிருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகத்தில் பல ரோடுகளும் ரயில் பாதையும் மண்சரிந்து அடைபட்டன. மண் விழுந்ததை யாராவது அறிவித்தால்தான் மேப்புக்குத் தெரியும், இறக்கிய வரைபடத்துக்கு அதுவும் தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் அதைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. ரயிலில் வருகிறவர்கள் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டுவிடுங்கள். நுவரெலியாவுக்கு இறங்க வேண்டியது நானுஓயாவில், அங்கிருந்து ஊருக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

இறக்கிய வரைபடம் காலாவதியாகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகும். ஆஃப்லைன் மேப்ஸ் பட்டியலில் அதன் முடிவுத் திகதி இருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வைஃபையில் ஒருமுறை அப்டேட் செய்துவிடுங்கள்.