கோடிங் என்றாலே ஓடுகிற பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

முதலில் "இதைக் கத்துக்கோ, எதிர்காலத்துக்கு நல்லது" என்று சொல்வதை நிறுத்துங்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு எதிர்காலம் என்பது சாயங்காலம் விளையாடப் போகலாமா, கூடாதா என்பதுதான்.

ஸ்க்ராட்சில் தொடங்குங்கள், பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான தளம் அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கானது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும். கட்டளைகளை டைப் பண்ண வேண்டாம், கலர் கலரான கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டினால் போதும். இன்னும் சின்னப் பிள்ளை, 5-7 வயசு என்றால் டேப்லெட்டில் அதன் எளிய வடிவமான ஸ்க்ராட்ச் ஜூனியர்.

ஆனால் வெற்றுத் திரையைத் திறந்துவைத்து "ஏதாவது செய்" என்று சொல்லாதீர்கள், அங்கேதான் பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். ஸ்க்ராட்ச் தளத்தில் யாரோ செய்துவைத்த ஒரு கேமைக் கொடுங்கள், ஆசை தீர விளையாடட்டும், தோற்று எரிச்சலாகட்டும். அப்புறம் 'சீ இன்சைட்' பட்டனை அழுத்திக் காட்டுங்கள்: அந்த கேமின் மொத்தக் குடலும் வெளியே வரும். ஸ்கோர் ஒன்று கூடுகிற கட்டத்தைத் தேடி, 1-ஐ அழித்து 1000 என்று போடச் சொல்லுங்கள். உயிர் மூன்றுதானா? முந்நூறு ஆக்கட்டும். திருட்டு ஆட்டம்தான், இருக்கட்டுமே. புரோகிராம் என்றால் நாம் மாற்றக்கூடிய ஒன்று என்பது இதில் புரிகிற மாதிரி எந்தப் பாடத்திலும் புரியாது. கணக்குத் தொடங்காமலே இதைச் செய்யலாம், அசல் கேமுக்கு ஒன்றும் ஆகாது, மாற்றியதை ஃபைல் மெனு வழியாகக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளலாம்.

கேம் பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. கதை சொல்கிற பிள்ளை என்றால் இரண்டு பாத்திரங்களைச் சண்டை போட வைக்கட்டும், ஸ்க்ராட்சில் முதலில் வந்து நிற்கும் பூனையின் குரலுக்குப் பதில் தன் குரலைப் பதிவு செய்யட்டும் (குரலும் முகமும் உள்ளதை மட்டும் 'ஷேர்' பண்ண விடாதீர்கள்). படம் வரைகிறவர் என்றால், கொஞ்சம் வளர்ந்த பிறகு பைத்தானில் (கட்டளைகளை டைப் பண்ணும் கோடிங் மொழி) டர்ட்டில் என்கிற படம் வரையும் கருவி: ஒரு சதுரம் வரை, 10 டிகிரி திரும்பு, இதையே 36 முறை செய் என்றால் ஒரு பூ வந்துவிடும். பைத்தானுக்கு அவசரமே இல்லை, ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்காகச் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்குவது தொடக்கத்தில் யாருக்கும் பிடிக்காது.

மாட்டிக்கொண்டால் மவுஸைப் பிடுங்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். "என்ன நடக்கணும்னு நினைச்சே, இப்ப என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும்போதே பாதி நேரம் தவறு அவர்கள் கண்ணில் பட்டுவிடும். அலுப்புத் தட்டுவதற்கு முன்னாலேயே மூடிவிடுங்கள், இருபது நிமிடம் தாராளம்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். சில மாதம் கழித்து வேறொரு கேமோடு திரும்பிப் பார்க்கலாம்.