பள்ளி மேலாண்மைக் குழு: உறுப்பினராகும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் பணிகள். இத்தனை பொறுப்புள்ள குழு பெயரளவில் நின்றுபோகிறது என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் உறுப்பினர் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது.

தெருவுக்கு ஒருவர், சமுதாயத்துக்கு ஒருவர் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தை வெறும் சடங்காக்குவது தவறு. நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது, அவர்கள் வாய் திறந்து பேசுவதற்காகத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதையும், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்ததையும் அறிந்த நம் திருநெல்வேலி மாவட்டத்தில், சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிக் குழுவில் பேசத் தயங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

மனைவியின் பெயரில் பொறுப்பை வாங்கிவிட்டுக் கூட்டத்தில் கணவர் வந்து அமர்வதும் கூடாது. முக்கூடல், மேலப்பாளையம் போன்ற இடங்களில் பீடி சுற்றும் தாய்மார், கடையில் பீடியை ஒப்படைக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? முதல் கூட்டத்திலேயே நேரத்தைப் பற்றிப் பேசி முடிவு செய்வது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கேடானது, எழுதாத தீர்மானத்தின் கீழ்க் கையெழுத்திடுவதாகும். “கையெழுத்தை மட்டும் போடுங்கம்மா, பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்று, மேற்பாதி வெறுமையாக இருக்கும் பக்கம் நீட்டப்பட்டால், அதை மரியாதையாக மறுக்க வேண்டும். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடமிருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு இது இன்னும் அவசியம். “கழிப்பறையைச் சீர்செய்ய வேண்டும்” என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தால் எதுவும் நடவாது. மாணவியர் கழிப்பறையில் எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று எழுத வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கியதும் அந்த வரியை வாசித்து, முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

வளர்ச்சித் திட்டத்தை மார்ச் மாதத்தில் அவசரமாக நிரப்புவதும் தவறே. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி, நிதியாண்டு முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே அது தயாராக வேண்டும். அதாவது டிசம்பர் இறுதிக்குள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை என்பதால், மழை பெய்யும்போதே வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்து, ஒழுகும் இடத்தையும் விரிசல் விட்ட சுவரையும் படம் எடுத்துத் திட்டத்துடன் இணைக்கலாம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள் என்பதை எந்தக் குழுவும் மறக்கக் கூடாது.

மறுபுறம், இல்லாத அதிகாரத்தை இருப்பதாக எண்ணிக்கொள்வதும் உண்டு. ஆசிரியரை மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து உறுப்பினராவது வீண். இடமாறுதல் கல்வித் துறையின் கையில் உள்ளது. பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் நிறைய உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும், 2012 திருத்தத்தின்படி குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு அமைப்பு என்பதால், இரண்டின் கணக்கையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

குழுவின் தீர்மானம் பள்ளிக்குள்ளேயே முடங்கிவிடவும் கூடாது. அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் அதை வைத்து ஊராட்சியின் தீர்மானமாகவும் ஆக்கிவிட்டால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கும்போது இரண்டு நகல்களையும் சேர்த்தே கொடுக்கலாம்.