ரீபில்ட் எஞ்சினுக்கு எந்த கேம்? 288 வாங்கி 264-க்கு இறங்கி வந்தேன்

என் டொயோட்டா கொரோலா கேஇ70-இல் இருப்பது 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சின். பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) கடையில் வாங்கி, பிளாக்கை போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி (ஸ்கிம்) முடித்த கையோடு 288 டிகிரி கேம் ஒரு ஜோடி வாங்கினேன். கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. வால்வு திறந்திருக்கும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பதுதான் அந்த எண், அதற்கு டியூரேஷன் என்று பெயர். ஏன் 288? கடையில் இருந்ததிலேயே பெரிய எண் அதுதான்.

க்ரீன் லேன் சிக்னலில் நின்றால் குளிர்க்காய்ச்சல் வந்தவன் மாதிரி கார் நடுங்கும். அதைக்கூட ரசித்தேன் என்று வையுங்கள். ஒருநாள் மாலை பினாங்குப் பாலத்து ஜாமில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அடுத்தடுத்து மூன்றாவது முறை பிரேக்கை மிதித்தேன், பெடல் கல்லாக நின்றது. முன்னால் இருந்த லாரியின் பின்புறம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் அப்பா. ஒன்றும் பேசாமல் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் ஓவர்லாப். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அளவு அது. இரண்டு கேமின் டியூரேஷனையும் கூட்டி இரண்டால் வகுத்து, லோப் செபரேஷனை (இன்டேக், எக்ஸாஸ்ட் கேம்களின் உச்சங்களுக்கு இடையிலுள்ள கோணம்) இரட்டித்துக் கழித்தால் வந்துவிடும். 110 டிகிரி செபரேஷனில் 288 கேமுக்கு 68 டிகிரி, 264-க்கு 44. ஓவர்லாப் ஏற ஏற ஐட்லிங்கில் எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் இறங்கும், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு அந்த வேக்குவம்தான் சாப்பாடு. மேப் சென்சார் (அந்த வேக்குவத்தைப் பார்ப்பது) வைத்துப் பெட்ரோல் அளக்கும் ஈசியூவாக (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருந்தால் அதுவும் சேர்ந்து குழம்பும்.

அதனால் முதல் வேலை, கேட்லாக்கைத் திறக்காதீர்கள். ஒரு வாரம் ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகும் எனக்கு முக்கால்வாசி நேரம் 1,500-க்கும் 3,500-க்கும் இடையில்தான் முள் நிற்கிறது. 7,000-ஐத் தொடுவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேமை அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கினால் மீதி நாளெல்லாம் அழவேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன். பெரிய கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். சென்டர்லைன், அதாவது பிஸ்டன் உச்சியைத் தாண்டி எத்தனை டிகிரியில் வால்வு முழுதாகத் திறக்கிறது என்பது, 110 என்றால் 264 கேம் பிஸ்டன் அடியைத் தொட்டு 62 டிகிரி தாண்டி மூடும், 288 கேம் 74 தாண்டி. அதுவரை பிஸ்டன் மேலே ஏறி, உள்ளே வந்த காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். இன்டேக் துளை பெரிதான பிக்போர்ட் 4ஏ-ஜிஇயின் கம்ப்ரஷன் 9.4, துளை சிறிதான ஸ்மால்போர்ட் 10.3. 9.4-இல் 288 போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவையே இருக்காது. நான்தான் சாட்சி.

கேட்லாக் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. வால்வு எவ்வளவு தூக்கியதும் எண்ண ஆரம்பிக்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருடைய 264 இன்னொருவருடைய 272 ஆக இருக்கலாம். 1 மிமீ லிஃப்டில் டியூரேஷன் என்ன என்று கேளுங்கள். தவுக்கே (கடை முதலாளி) பதில் சொல்லாமல் சிரித்தால் அங்கே கேம் வாங்காதீர்கள், ஆயில் ஃபில்டர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இனி பூட்டும் வேலை. கேம் தேர்வில் பாதி இங்கேதான் இருக்கிறது, நான் இரண்டு இரவு தடுக்கி விழுந்ததும் இங்கேதான். கிராங்க் புல்லியில் இருக்கும் குறியை நம்பி டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) வைத்தேன். பழைய டேம்பர் புல்லியில் ரப்பர் வழுக்கினால் வெளி வளையம் நகர்ந்துவிடும், குறியும் கூடவே போய்விடும். உண்மையான டிடிசி வேண்டுமென்றால் ஸ்பார்க் பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, முட்டும் இடத்தில் கிராங்கில் மாட்டிய டிகிரி வீலை (டிகிரிக் கோடு போட்ட வட்டு) படியுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டவிட்டுப் படியுங்கள். இரண்டும் சமமாக இருக்கவேண்டும். எனக்கு ஒருபக்கம் 34, மறுபக்கம் 46. அதாவது 6 டிகிரி தப்பு. வீலைத் திருத்தி இருபக்கமும் 40 வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, நீளமான இரும்புக் கம்பியால் கையால் சுற்றுவதுதான்.

அப்புறம் இன்டேக் பக்கெட் (கேம் அழுத்தும் கிண்ணம்) மேல், லிஃப்டை அளக்கும் டயல் கேஜ். மேக்னெட் ஸ்டாண்டை வைத்தேன், விழுந்தது, மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. ஹெட் அலுமினியம்! ஒரு இரும்புத் தகட்டை ஹெட்டில் போல்ட் போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். உச்ச லிஃப்டுக்கு 1 மிமீ முன்னும் 1 மிமீ பின்னும் டிகிரியைக் குறித்து நடுவைக் கண்டுபிடியுங்கள். எனக்கு 82-உம் 142-உம் வந்தது, நடு 112. கேம் கார்டில் 110. ஸ்கிம் செய்த ஹெட் கீழே இறங்குவதால் பெல்ட் ஓடும் எஞ்சினில் கேம் கொஞ்சம் பின்தங்கும், அதுதான் இந்த 2 டிகிரி. அட்ஜஸ்டபிள் கேம் புல்லி வைத்துச் சரி செய்யலாம், அதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். டிகிரி வீலும் பெரியதாக, 25 செமீ அகலத்திலாவது வாங்குங்கள். சிடியில் பேப்பர் ஒட்டிச் செய்யும் வீல் எனக்குப் பிடிக்காது, ஒரு டிகிரிக் கோடு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

கடைசியாக வால்வும் பிஸ்டனும் முட்டுமா என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் ஒட்டி, வால்வில் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, டைமிங் பெல்ட்டை மாட்டிக் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கழற்றி, பள்ளத்தில் மிச்சமிருக்கும் பிளாஸ்டிசினைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளங்கள். இன்டேக்கில் 2 மிமீ, எக்ஸாஸ்டில் 2.5 மிமீக்குக் குறையக்கூடாது. வால்வ் ஸ்பிரிங் உச்ச லிஃப்டில் சுருள் சுருளாக ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இப்போது 264 ஓடுகிறது, ஐட்லிங் 900-இல் நிற்கிறது.

இரண்டு வாரம் கழித்துச் சேர்த்தது: கிள்ளானிலிருந்து ஒரு தம்பி, கேம் புல்லியை 2 டிகிரி திருப்பினேன், 4 டிகிரி மாறிவிட்டது அண்ணே என்று எழுதியிருந்தார். என் தப்பு, சொல்ல விட்டுவிட்டேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். டிகிரி வீலில் 2 என்றால் கேம் புல்லியில் 1. சில புல்லிகளில் கிராங்க் டிகிரியாகவே கோடு போட்டிருப்பார்கள், திருப்பிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

இன்னொருவர் பழைய கேமை ரீகிரைண்ட் செய்து (வேறு வடிவத்துக்கு மறுபடி அரைத்து) போட்டிருக்கிறார், டக் டக் என்று சத்தம். ரீகிரைண்ட் செய்தால் பேஸ் சர்க்கிள் (கேமின் வட்டமான அடிப்பகுதி) சின்னதாகிவிடும், கேமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், அதை நிரப்பத் தடித்த ஷிம் (தகடு) தேவைப்படும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக்கில் 0.15 முதல் 0.25 மிமீ, எக்ஸாஸ்டில் 0.20 முதல் 0.30 மிமீ என்பது ஃபேக்டரி கேமுக்கான அளவு. மாற்றிய கேம் என்றால் அரைத்தவர் கொடுத்த அளவைத்தான் பார்க்கவேண்டும். ஷிம் 0.05 மிமீ தடிமன் வித்தியாசத்தில் கிடைக்கிறது. பதினாறையும் அளந்து தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், நான் எழுதாமல் போய் மூன்று தடவை அலைந்தேன்.