பிரபஞ்ச அழகி மேடை: கவுனும் கடைசிக் கேள்வியும்

வயது 28-ஐத் தாண்டிவிட்டதே என்ற கவலை இனி வேண்டாம். அந்த வரம்பு 2024 போட்டியிலிருந்து இல்லை. மணமானவர்களும் தாய்மார்களும் அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே போட்டியிடலாம். ஆனால் முதலில் சொந்த நாட்டு அழகிப் பட்டம் கையில் இருக்க வேண்டும்.

கவுனுக்கு அளவெடுக்கும்போது, மேடையில் போடப்போகும் அதே ஹீல்ஸ் காலில் இருக்கட்டும். முன்விளிம்பு தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். நடக்கையில் முன்காலால் துணியை லேசாகத் தள்ளிவிட்டு அடி வையுங்கள். திரும்பும்போதுதான் ஆபத்து: பின்னால் இழையும் துணி கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அதனால் நின்ற இடத்தில் சுழலாமல், மூன்று நான்கு சிற்றடிகளில் வளைந்து திரும்புங்கள். புது ஹீல்ஸின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் வழுக்காது. வழுக்கினாலும் எல்லாம் முடிந்துவிடாது. 2007-இல் கவுன் அணிந்து நடக்கும் சுற்றில் விழுந்த அமெரிக்கப் போட்டியாளர் எழுந்து நடந்து, முதல் ஐவரில் வந்தார்.

இறுதிச் சுற்றில் மேடையில் கேட்கும் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரும்பாலும் 30 நொடிதான். வணக்கம், நன்றி, கேள்வியைத் திருப்பிச் சொல்வது என்று ஐந்தாறு நொடி வீணாவதுதான் வழக்கமான தவறு. முதல் வாக்கியத்திலேயே உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லுங்கள். அடுத்து ஒரே ஒரு காரணம், அதற்கு ஓர் உதாரணம், அதோடு நிறுத்துங்கள். மனப்பாடப் பதில் உதவாது, கேள்வி சற்று மாறினாலே சாயம் வெளுத்துவிடும். ஆங்கிலம் தடுமாறுமானால் தாய்மொழியிலேயே பேசுங்கள், மொழிபெயர்ப்பாளர் உண்டு. அவருக்காகக் குட்டிக் குட்டி வாக்கியங்களாகப் பேசிப் பழகுங்கள்.