அரை மில்லிமீட்டர் ஓட்டை: பெட்ரோல் ஆவிக் கசிவைத் தேடிப் பிடிப்பது எப்படி

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. வண்டியோ எப்போதும்போல ஓடுகிறது, மைலேஜும் குறையவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0442 அல்லது பி0456 என்று ஒரு பிழைக் குறியீடு (கோட்) வரும். முதல் கோட் சுமார் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டைக்குச் சமமான ஆவிக் கசிவைக் குறிக்கும். இரண்டாவது அதில் பாதி, அரை மில்லிமீட்டர். பி0455 வந்தால் கசிவு பெரிது, சீக்கிரம் அகப்பட்டுவிடும். நாள் கணக்கில் அலைக்கழிப்பது சின்னதுதான். இங்கே சொல்வதெல்லாம் ஓபிடி-2 (வண்டி தன்னைத் தானே சோதித்துக் கோட் பதியும் அமைப்பு) உள்ள அமெரிக்க, கனடா பெட்ரோல் கார்களுக்கு.

டேங்கில் எழும் ஆவி, கரி நிரப்பிய கேனிஸ்டரில் போய்த் தங்குகிறது. என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை இழுத்து எரிக்கக் கொடுக்கும். கேனிஸ்டரின் மறுபக்கத்தில் உள்ள வென்ட் வால்வு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். சோதனை நேரத்தில் கம்ப்யூட்டர் இந்த இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, உள்ளே உள்ள அழுத்தமோ வெற்றிடமோ நிலைத்து நிற்கிறதா என்று கவனிக்கும். ஆகவே கசிவுக் கோட் வந்தாலே ஹோஸில் ஓட்டை என்று அர்த்தமில்லை. இரண்டு வால்வுகளில் ஒன்று சரியாக மூடாவிட்டாலும் இதே கோட்தான் வரும்.

சோதனை நடக்கும் நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜிஎம், ஃபோர்டு வண்டிகள் பலவற்றில், என்ஜினை நிறுத்திய பிறகு பெட்ரோல் சூடாகி ஆறும்போது ஏற்படும் இயற்கையான அழுத்த மாற்றத்தை வைத்தே பார்க்கிறார்கள். டொயோட்டா வண்டிகள் பலவற்றில், நிறுத்தி ஏறத்தாழ 5 மணி நேரம் கழித்து ஒரு சிறிய பம்ப் தானாக ஓடிச் சோதிக்கும். எனவே ஒரு சுற்று ஓட்டிவிட்டு விளக்கு வரவில்லை என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை.

முதலில், பதிவான கோட்-ஐ அழிக்காதீர்கள். கோட் பதிவான நேரத்து விவரங்கள் (ஃப்ரீஸ் ஃப்ரேம்) கம்ப்யூட்டரில் இருக்கும். டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெளியே என்ன வெப்பநிலை என்று குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து பெட்ரோல் மூடி. ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விரியும்போதுதான் தெரியும். மூடி நன்றாக இருந்தாலும் அது உட்காரும் கழுத்து (பெட்ரோல் ஊற்றும் குழாய்) விளிம்பு துருப்பிடித்திருந்தால் பயனில்லை. குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் இந்தக் கழுத்துக்குழாய்தான் முதலில் போகும், அதுவும் சக்கரத்தின் மேலே மண் தங்கும் மறைவான இடத்தில். உள் மட்கார்டைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

பர்ஜ் வால்வைப் பார்க்க ஸ்கேனர்கூடத் தேவையில்லை. என்ஜின் ஐடிலில் ஓடட்டும். வால்வின் மின் கனெக்டரைக் கழற்றுங்கள், பிறகு கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸைப் பிடுங்கி, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும். லேசாக உறிஞ்சினாலும் வால்வை மாற்றத்தான் வேண்டும். என்ஜின் சூடான பிறகு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள், சில வால்வுகள் சூட்டில் மட்டும்தான் விடும். பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டியில் இந்த வால்வின் மேல்தான் முதல் சந்தேகம். கனெக்டரைக் கழற்றியதால் பி0443 போல ஒரு கோட் கூடுதலாக வரலாம், பயப்பட வேண்டாம்.

வென்ட் வால்வு பெரும்பாலான வண்டிகளில் மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். ஸ்கேனரால் மூடச் சொன்னால் 'டிக்' என்று சத்தம் வரும். சத்தம் கேட்டதால் வால்வு இறுக மூடியது என்று ஆகாது. இடையில் மண் துகள் சிக்கியிருக்கலாம். மூடிய நிலையில் கை வெற்றிடப் பம்பை மாட்டி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. இந்தப் பாதை சிலந்திக்கும் பிடித்த இடம்: 2011-இல் மாஸ்டா நிறுவனம், வென்ட் குழாயில் சிலந்தி கூடு கட்டி அடைக்கிறது என்று மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. அடைப்பினால் டேங்கில் வெற்றிடம் ஏறி டேங்கே வெடிப்பு விடக்கூடும் என்பதே காரணம்.

இதுவரை எல்லாம் சரி என்றால் இனி புகை மெஷின்: உள்ளே புகையை விட்டு, அது வெளியேறும் இடத்தை வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. அழுத்தம் 0.5 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக்கூடாது. பட்டறைக் கம்ப்ரசர் காற்றை நேராக விடுவது ஆபத்து: அழுத்தம் டேங்கைக் கெடுக்கும், பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும். நைட்ரஜன் நல்லது.

1. என்ஜின் பகுதியில் பச்சை மூடியுள்ள சர்வீஸ் போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் பர்ஜ் வால்விலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் ஹோஸில்.
2. வென்ட் வால்வை ஸ்கேனரால் மூடுங்கள். அதிக நேரம் மூடியே வைத்தால் சில ஸ்கேனர்கள் தாமாக விட்டுவிடும், கவனியுங்கள்.
3. பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்துப் புகையை விடுங்கள். கழுத்தில் அடர்த்தியாகப் புகை வந்த பிறகே மூடுங்கள். இதைத் தவிர்த்தால், புகை கடைசி மூலைக்குப் போய்ச் சேரும் முன்பே கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.
4. மெஷினின் ஃப்ளோ மீட்டரை (உள்ளே எவ்வளவு பாய்கிறது என்பதை மிதக்கும் உருண்டையால் காட்டும் மீட்டர்) பாருங்கள். உருண்டை கீழே இறங்கி நின்றுவிட்டால் அப்போதைக்குக் கசிவு இல்லை. அரை மில்லிமீட்டர் அளவுக் குறிக்கு மேல் மிதந்தால் கசிவு இருக்கிறது, புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

அரை மில்லிமீட்டரில் வரும் புகை நூல் போல இருக்கும். விசிறியை நிறுத்துங்கள், ஷட்டரை இறக்குங்கள், பலமான டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். டேங்க் மேல்பகுதியில் பெட்ரோல் பம்பின் சீல், ஹோஸ்களின் க்விக் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங், கேனிஸ்டரின் பிளாஸ்டிக் மூட்டு ஆகியவை அடிக்கடி மாட்டும். அண்மையில் பம்ப் மாற்றிய வண்டியில் நேராகப் பம்பின் சீலுக்குப் போங்கள். பழைய சீலையே திரும்பப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கேனிஸ்டரைக் கழற்றினால் குலுக்கிப் பாருங்கள். கரித்தூள் கொட்டினால் அதை மட்டும் மாற்றுவது போதாது. தூள் பர்ஜ் வால்வு வரை போயிருக்கும், லைனை ஊதிச் சுத்தம் செய்து வால்வையும் பாருங்கள். பங்கில் நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று நிரப்புகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு அதிகம் வருகிறது. திரவப் பெட்ரோல் உள்ளே போனால் கரி நனைந்து கெடும்.

வேலை முடிந்து கோட்-ஐ அழித்ததும் எல்லா ரெடினஸ் மானிட்டர்களும் (வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பதிவுகள்) பூஜ்யத்துக்குப் போகும். ஸ்கேனரில் அந்த வண்டிக்கான சர்வீஸ் சோதனை இருந்தால் உடனே ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் டேங்கை ஏறக்குறைய பாதியில் வையுங்கள். 15 முதல் 85 சதவீதத்துக்கு வெளியே இருந்தால் பெரும்பாலான வண்டிகள் சோதனையைத் தொடங்கவே தொடங்காது. இரவு முழுக்க நிறுத்தி, காலையில் என்ஜின் முழுக்க ஆறிய நிலையில் எடுங்கள். கலிபோர்னியாவில் ஸ்மாக் (வாகன மாசு) சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை: 2000-ம் ஆண்டு மாடல் முதல் பெட்ரோல் கார்களில் இந்த ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.